15-ஆவது கையெழுத்து

“அம்மாவைப் பத்தி நாலு வரி எழுதிக் கொடுடா. நீதானே ரேடியோவுல பேசுறவன். தமிழ்ல வேணும். அச்சகத்துக்காரர் ஏழு மணிக்குக் கடைய மூடிடுவாராம்.”

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு என் கைப்பேசிக்கு வந்த குரல் பதிவு இது. பேசியவள் என் இடைநிலைப்பள்ளித் தோழி. அவளுடைய அம்மா அன்று விடியற்காலையில் காலமாகியிருந்தார். எனக்கு அவர் டீச்சர். தமிழ்ப்பள்ளியில் மூன்று ஆண்டுகள், இடைநிலைப்பள்ளியில் ஐந்து ஆண்டுகள் என மொத்தம் எட்டு ஆண்டுகள் அவரிடம் தமிழ் படித்தவன் நான்.

மறுநாள் தேவாலயத்தில் நடக்கவிருந்த அடக்க ஆராதனைக்கான கையேட்டில் அச்சிட வேண்டிய வரிகள் அவை. நேரடி நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. அவசரமாக எழுதினேன். “அன்பான தாய். அர்ப்பணிப்புள்ள ஆசிரியை. திருச்சபையின் உண்மையான ஊழியர்.” கீழே ஒரு வரி ஆறுதல். அனுப்பிவிட்டு ஒலிபரப்புக் கூடத்துக்குள் போய்விட்டேன்.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது பதில் காத்திருந்தது. “மூணும் சரிதான். ஆனா இந்த மூணு வேலையையும் ஒரே ஆளு ஒரே நேரத்துல பார்த்தாங்கங்கிறது இதுல தெரியல. பரவால்ல, அச்சுக்குக் கொடுத்துட்டேன்.”

ஒரு மாதமாக அந்தப் பதில் என்னை விடவில்லை. அதனால்தான் இந்த வாரம் டீச்சரைப் பற்றி எழுதுகிறேன். மகளிடம் அனுமதி கேட்டேன். “பேரு மட்டும் போடாத. அப்புறம், நல்லதை மட்டும் எழுதாத” என்றாள்.

டீச்சர் பிறந்தது கோல லங்காட் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். அப்பா, அம்மா இருவருமே பால்மரம் வெட்டியவர்கள். தற்காலிக ஆசிரியராக வேலையில் சேர்ந்து, பிறகு பயிற்சிக் கல்லூரிக்குப் போய், கடைசியில் எங்கள் தமிழ்ப்பள்ளிக்கே வந்து சேர்ந்தார். 2010-இல் பணி ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். கணவர் ஒரு தொழிற்சாலையில் கிராணி. வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே மகள்.

அந்த மகள் தமிழ்ப்பள்ளியில் படிக்கவில்லை. பாட்டி வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த தேசியப் பள்ளியில் படித்தாள். “தமிழ்ப்பள்ளி டீச்சரு, சொந்தப் பிள்ளைய வேற பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறாங்க பாரு” என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். என் வீட்டிலும் பேசியிருக்கிறார்கள். டீச்சர் இதற்கு ஒருநாளும் விளக்கம் சொன்னதில்லை. அது கணவரின் விருப்பம் என்பதே மகள் பெரியவளான பிறகு சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். மகள் ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது கணவர் மாரடைப்பில் இறந்துவிட்டார். அதற்கு மேல் இறந்தவரின் முடிவை மாற்ற டீச்சருக்கு மனம் வரவில்லை.

2002-ஆம் ஆண்டு இறுதி. நாங்கள் ஆறாம் ஆண்டை முடித்து, ஜனவரியில் படிவம் 1-க்குப் போக வேண்டும். நாங்கள் போகவிருந்த இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு கிடையாது. தமிழ் மாணவர்கள் குறைவு; யாரும் கேட்டதுமில்லை.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, ஒரு தேசியப் பள்ளியிலோ தேசிய இடைநிலைப்பள்ளியிலோ குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் அங்கே தமிழ்மொழியைப் போதிக்க வழிசெய்ய வேண்டும். கேட்க வேண்டியது பெற்றோர். இந்த விவரம் தெரிந்த பெற்றோர் அன்றும் குறைவு, இன்றும் குறைவு.

டீச்சருக்குத் தெரியும். அந்த நவம்பர், டிசம்பர் விடுமுறையில் தம்முடைய வெள்ளைக் கஞ்சில் காரை எடுத்துக்கொண்டு தாமான் தாமானாகச் சுற்றினார். பின்னிருக்கையில் ஒரு கோப்பு, ஒரு குடை, காரில் தனியாக விட முடியாத மகள்.

என் வீட்டு வாசலில் அவர் வந்து நின்றது நினைவிருக்கிறது. அப்பா லாரி ஓட்டப் போயிருந்தார். அம்மா இரவு வேலை முடிந்து தூங்கி எழுந்து வந்தார்.

“தங்கச்சி, ஒரு கையெழுத்து வேணும்.”

“என்னத்துக்கு டீச்சர்? பையன் ஏதும் பண்ணிட்டானா?”

“ஒண்ணும் பண்ணல. இனிமே பண்ணணும், அதுக்குத்தான்.”

அம்மா கையெழுத்துப் போட்டார். எல்லா வீட்டிலும் அப்படி நடக்கவில்லை. 2003-இல்தான் படிவம் 1-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின. “அதையே பிள்ளை தாங்குமான்னு தெரியல, இதுல தமிழ் வேறயா?” என்று கேட்டவர்கள் இருந்தார்கள். “தமிழ்ல ஏ எடுக்குறது கஷ்டமாமே, ரிசல்ட்டு கெட்டுப்போயிடும்” என்றவர்கள் இருந்தார்கள். “ஒங்க மக எந்தப் பள்ளிக்கூடம் டீச்சர்?” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திய வீடும் ஒன்று உண்டு. அப்போது அந்த மகள் காரில்தான் உட்கார்ந்திருந்தாள்.

டிசம்பர் முடிவில் கோப்பில் 14 கையெழுத்துகள் இருந்தன.

பள்ளி திறந்த முதல் வாரம், துணை முதல்வர் தமிழ் வகுப்புக்கான பெயர்களை வாசித்தார். 14 பெயர்கள் எங்களுக்குத் தெரிந்தவை. 15-ஆவதாக டீச்சர் மகளின் பெயர் வந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். தமிழில் ஒரு பத்தியைக்கூட முழுதாக வாசிக்கத் தெரியாதவள். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வேத வசனங்கள்தான் அவளுக்குத் தெரிந்த தமிழ் வாசிப்பு. அவள் பெயரைக் கொடுக்கப்போவதாக வீட்டில் யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

வகுப்பு தொடங்கியது. டீச்சரே மணிக்கணக்குப் படியில் வந்து கற்பிக்க ஏற்பாடானது. புதன்கிழமை மதியம் இரண்டு பாடவேளை. ஆறு ஆண்டு தமிழ் படித்த நாங்களும், படிக்காத அவளும் ஒரே வகுப்பில். அந்த நேரம் போதாது என்று டீச்சருக்குத் தெரிந்துவிட்டது. சனிக்கிழமை கூடுதல் வகுப்பு வைக்கலாம் என்றால் பள்ளிக்கூடக் கதவைத் திறக்க ஆளில்லை. கடைசியில் தம்முடைய தேவாலயத்தின் சிறிய மண்டபத்தைக் கேட்டு வாங்கினார்.

இரண்டு பக்கமும் முணுமுணுப்பு எழுந்தது. எங்கள் 14 பேரில் பெரும்பாலோர் இந்துக்கள். “கோயிலுக்குப் போற பிள்ளைய சனிக்கிழமை ஆனா சர்ச்சுக்கு அனுப்பணுமா?” என்று என் பாட்டி கேட்டார். டீச்சர் வீட்டுக்கு வந்து பாட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்து சொன்னார்: “பாட்டிம்மா, அங்க பாடம் மட்டும்தான். ஜெபத்தை நான் வீட்டிலேயே முடிச்சிட்டு வந்திடுவேன்.” ஐந்து ஆண்டும் அந்தச் சொல் மாறவில்லை.

தேவாலயத்திலும் சிலருக்கு மனத்தாங்கல் இருந்தது. மின் கட்டணம் யார் கட்டுவது? கழிவறையை யார் கழுவுவது? டீச்சர் கழுவினார். மின்விசிறிக்கான காசை மாதா மாதம் காணிக்கை உறையில் போட்டுக் கொடுத்தார். எங்களிடம் கட்டணம் என்று அவர் கேட்டது ஒன்றே ஒன்று: வகுப்பு முடிந்ததும் மறுநாள் ஆராதனைக்காக 80 பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டுப் போக வேண்டும். நெற்றியில் திருநீறோடு நாங்கள் தேவாலயத்துக்கு நாற்காலி போட்டோம். வாசல் கடையிலிருந்து ஆளுக்கொரு கறிபாப் வாங்கிக் கொடுப்பார்.

பின்னாளில் ஒரு வானொலித் தொகுப்புக்காகத் தமிழ்க் கல்வி வரலாற்றைத் தேடியபோது எனக்கு ஒன்று புரிந்தது. இந்த மண்ணில் தமிழ் வகுப்புக்கும் தேவாலயத்துக்கும் உள்ள தொடர்பு பழையது. 1816-இல் பினாங்கில் தமிழ் வகுப்பு தொடங்கிய பிரீ ஸ்கூல், ஹட்சிங்ஸ் என்ற பாதிரியாரின் முயற்சியால் உருவானது. 1887-இல் சிங்கப்பூரில் சோபியா பிளாக்மோர் என்ற மிஷனரி அம்மையார் ஒரு கடைவீட்டில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அதன் முதல் பெயரே தமிழ்ப் பெண்கள் பள்ளிதான். வந்து சேர்ந்தவர்கள் 9 பேர். இன்று அது மெத்தடிஸ்ட் பெண்கள் பள்ளி. டீச்சரிடம் இதைச் சொன்னபோது, “ஒன்பது பேருக்கே ஆரம்பிச்சிருக்காங்க. எனக்குப் பதினஞ்சு தேவைப்பட்டுச்சு” என்று சிரித்தார்.

அவர் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமைகளை இப்போது அவள் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். அதிகாலை நாலரைக்கு எழுந்து அம்மா சமைப்பார். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு இருவரும் கிளம்புவார்கள். மண்டபத்துக்குள் நுழைந்ததும் “இங்க நான் டீச்சர்” என்பார். அதன்பின் இரண்டரை மணி நேரம் அவளும் எங்களைப்போல ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட வேண்டும். தேர்வுத்தாள் கொடுக்கும்போது மதிப்பெண்ணை உரக்க வாசிப்பார். எனக்கு 78. மகளுக்கு 32. இரண்டையும் ஒரே குரலில் வாசிப்பார். நாங்கள் அதை நேர்மை என்று வியந்தோம். மதியம் பெண்கள் சங்கக் கூட்டம், மாலை ஞாயிறு பள்ளிக்கான ஆயத்தம். வீடு திரும்ப இரவு எட்டாகும். அதன்பிறகு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வகுப்பில் புரியாததை மகளுக்கு முதலிலிருந்து சொல்லிக் கொடுப்பார். களைப்பில் பாதியிலேயே அம்மா தூங்கிவிடுவாராம். மகள் விளக்கை அணைத்துவிட்டுத் தன் அறைக்குப் போவாளாம்.

“அப்பா போனதுக்கப்புறம் எனக்கு அம்மா மட்டும்தான்டா இருந்தாங்க. அவங்களையும் நீங்க 14 பேரும், சர்ச்சு ஆளுங்களும் பங்கு போட்டுக்கிட்டீங்க” என்று ஒருமுறை சொன்னாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

2007-இல் எஸ்.பி.எம். எழுதினோம். எனக்குத் தமிழில் 1ஏ. அவளுக்கு மற்ற எல்லாப் பாடங்களிலும் ஏ. தமிழில் மட்டும் 5சி. விண்ணப்பித்த உபகாரச் சம்பளம் கிடைக்கவில்லை. தமிழ்தான் காரணமா என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஆனால் 17 வயதில் அவள் அப்படித்தான் நம்பினாள். டீச்சர் தம் சேமநிதியிலிருந்து பணத்தை எடுத்து, கூடுதலாகக் கடனும் வாங்கி, மருந்தியல் படிக்க வைத்தார். அந்தக் கடனைக் கட்டி முடிக்கும்வரை அதே கஞ்சில் காரைத்தான் ஓட்டினார். மகளோ வீட்டுக்கு அழைக்கும்போது ஆங்கிலத்தில் மட்டும் பேசினாள். வேண்டுமென்றே அப்படிச் செய்ததாக அவளே சொன்னாள்.

டீச்சர் நிறுத்தவில்லை. 2009-இல் எஸ்.பி.எம். பாடங்களை 10-ஆகக் குறைக்கப்போவதாக அறிவிப்பு வந்தபோது, தமிழையும் தமிழ் இலக்கியத்தையும் பிள்ளைகள் கைவிட்டுவிடுவார்களே என்று மறுபடியும் வீடு வீடாகப் போனார். பலரும் குரல் கொடுத்ததில் 12 பாடங்கள் வரை எடுக்கலாம் என்றானது. பணி ஓய்வுக்குப் பிறகும் சனிக்கிழமை வகுப்பு நடந்தது. இனிப்புநீர் முற்றிச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போக வேண்டிய நிலை வந்தது. ஊசி குத்தாத கையால் கட்டுரை திருத்திக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

மகள் அரசு மருத்துவமனை ஒன்றில் மருந்தாளர். மருந்து முகப்பில் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த பாட்டிகள், தாத்தாக்கள் வருவார்கள். மலாய் மொழியில் அச்சான சீட்டைப் பார்த்துவிட்டு, “எதும்மா காலைல, எதும்மா ராத்திரி?” என்று கேட்பார்கள். ஒருநாள் மருந்துப் பையின் மேல் பேனாவால் ‘காலை 1, இரவு 2, சாப்பிட்ட பிறகு’ என்று எழுதிக் கொடுத்தாள். அடுத்த மாதம் அந்தப் பாட்டி அதே பையைக் கொண்டுவந்து, “இதே மாதிரி எழுதிக் குடும்மா” என்றார். அதன்பின் கேட்பவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிறாள். “என் கையெழுத்து இன்னும் கோணல்தான். 5சி கையெழுத்து” என்பாள்.

இதை அவள் அம்மாவிடம் சொன்னது சென்ற ஆண்டுதான். சுத்திகரிப்பு முடிந்து காரில் திரும்பும்போது சொல்லியிருக்கிறாள். டீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லையாம். அப்போதுதான் 22 ஆண்டுகளாகக் கேட்காத கேள்வியை மகள் கேட்டாள்.

“ஏம்மா அன்னைக்கு என் பேரைப் போட்டீங்க? எண்ணிக்கைக்குத்தானே?”

“ஆமா. எண்ணிக்கைக்குத்தான்” என்றாராம் டீச்சர். “பதினாலு வீட்டுல போய் அவங்க பிள்ளைகளைக் கேட்டவ, என் பிள்ளைய மட்டும் ஒளிச்சு வச்சுக்கிட்டா எந்த முகத்தோட வகுப்பு எடுக்குறது?” கொஞ்சதூரம் போனபிறகு, “ஆனா உங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல. அது தப்புதான்” என்றாராம்.

கோபம் போய்விட்டதா என்று மகளிடம் கேட்டேன். “முழுசாப் போகல. ஆனா அம்மா அதைத் தப்புன்னு சொல்லிட்டாங்கல்ல” என்றாள்.

என் நிலைமை வேறு. ஊடகவியல் படித்துவிட்டு முதன்முதலில் குரல் தேர்வுக்குப் போனபோது, ஒரு பக்கத் தமிழைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்து வாசிக்கும் வழக்கம் எங்கள் துறையில் உண்டு. அன்று என்னோடு வந்திருந்தவர்களில் இரண்டு பேர் அப்படி எழுதிக்கொள்ள அவகாசம் கேட்டார்கள். நான் தாளை வாங்கி அப்படியே வாசித்தேன். வேலை கிடைத்தது. “உங்க தமிழ் நல்லா இருக்கே, எங்க படிச்சீங்க?” என்று நேயர்கள் கேட்டால் பெருமையாகப் பள்ளியின் பெயரைச் சொல்வேன். அந்த வகுப்பு இருந்ததற்கு என் தோழியின் 5சி-யும் ஒரு காரணம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அடக்க ஆராதனை. நாங்கள் 14 பேரில் 11 பேர் வந்திருந்தோம். ஒருவன் ஜொகூரிலிருந்து இரவோடு இரவாகப் பேருந்தில் வந்தான். மண்டபத்தில் உட்கார இடம் போதவில்லை. யாரும் சொல்லாமலேயே பின்னால் அடுக்கியிருந்த நாற்காலிகளைத் தூக்கி வரிசையாகப் போட ஆரம்பித்தோம். எத்தனை நாற்காலிக்கு ஒரு வரிசை என்பது இன்னும் மறக்கவில்லை.

மகள் எழுந்து போய் 23-ஆவது சங்கீதத்தைத் தமிழில் வாசித்தாள். இரண்டு இடத்தில் தடுமாறி, நின்று, எழுத்துக் கூட்டி, மறுபடி வாசித்தாள். கையேட்டில் நான் எழுதிய மூன்று வரியும் அச்சாகியிருந்தது. அதன் கீழே நான் எழுதாத ஒரு வரியும் இருந்தது: ‘15 பேரின் டீச்சர்’. அச்சகத்துக்குக் கொடுக்கும்முன் அவள் சேர்த்திருக்கிறாள்.

அர்ப்பணிப்பு என்ற சொல்லை நான் வானொலியில் வாரம் பத்து முறையாவது சொல்கிறேன். விருது விழா, அன்னையர் தினம், ஆசிரியர் தினம் என்று எல்லாவற்றுக்கும் பொருந்தும் சொல். ஒருவர் ஊருக்குக் கொடுக்கும் நேரம் அவர் வீட்டிலிருந்துதான் போகிறது என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. டீச்சரைப் போன்றவர்களைப் பாராட்டும்போது, அவர் வீட்டில் காத்திருந்த பிள்ளைக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும். நான் 22 ஆண்டுகள் தாமதமாகச் சொல்கிறேன்.

இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் ஒன்று செய்யுங்கள். அந்தப் பள்ளியில் தமிழ் வகுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் 15 பெற்றோர் போதும். யாராவது கோப்போடு வாசலில் வந்து நின்றால், அது எத்தனையாவது வீடு என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். கதவைச் சாத்திவிடாதீர்கள்.

கையெழுத்துப் போடுவதற்குமுன் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இது டீச்சரே சொன்னது.